அக்கா கொடுத்த மாத்திரை

கழுத்துப் பொத்தான் சேர மறுத்தது. இரண்டு கைகளாலும் காலரை இழுத்துப் பிடித்துப் பார்த்தாள் அக்கா. தம்பியின் கழுத்து இரவுக்குள் வீங்கிவிட்டிருந்தது.

“விடுங்கக்கா. டை கட்டினா தெரியாது,” என்றான் நெட்டையன்.

நெட்டையன் என்பது தம்பி வைத்த பெயர். விமானத்தில் தம்பிக்கு வலப்பக்கம் உட்கார்ந்து பறந்த துணை விமானி அவன். காக்பிட்டுக்குள் நுழையும்போதெல்லாம் தலையை இடித்துக்கொள்வானாம். இன்று விடிந்ததும் முதல் ஆளாகச் சீருடையோடு வந்து நின்றான். “கேப்டனுக்கு யூனிஃபார்ம் நான் போட்டு விடறேன்” என்று அவன் கேட்டபோது, வேண்டாம் என்று சொல்ல வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

தம்பியின் தோளில் கேப்டனுக்குரிய நான்கு தங்கப் பட்டைகளையும் அவன் பொருத்தினான். அவன் தோளில் மூன்றுதான்.

கூடத்தில் உறவுக்காரர்கள் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் வாசலில் பக்கவாட்டாக ஒதுங்கித்தான் உள்ளே வர வேண்டியிருந்தது. அங்கே சக்கரவண்டியின் மேல் தம்பியின் படகு வெள்ளை வெளேரென்று நின்றது. நேற்றுக் காலை அதற்கு மெருகு தேய்த்துக்கொண்டிருந்தபோதுதான் அவன் அதன் நிழலிலேயே சரிந்து இறந்துபோனான்.

“காத்துல சம்பாதிச்சதைத் தண்ணில விட்டான்,” என்றார் சித்தப்பா. யாரோ சிரிக்கப் போய், இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

சித்தப்பா சொன்னதில் பொய்யில்லை. சின்னப் பதவியில் சேர்ந்த வருஷம் தம்பி கேமரா வாங்கினான், முழங்கை நீளத்துக்கு லென்ஸோடு. மூன்றாவது பட்டைக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. அது கிளம்பினால் தெருநாய்கள் எல்லாம் எழுந்து நிற்கும். நான்காவது பட்டைக்குப் படகு. ஒவ்வொரு படி ஏறியதும் ஒரு பொம்மை. வாங்கிய வேகத்தில் அலுத்தும் போகும். “அடுத்தது பெரிய விமானம்கா, கடல் தாண்டிப் போறது. அதுக்கப்புறம் பாரு,” என்பான். அதுக்கப்புறம் என்ன என்று அவள் கேட்டதில்லை. உயரத்துக்குப் போகிறவனைக் கீழிருந்து கூப்பிட்டு நிறுத்த அவளுக்கு மனம் வரவில்லை. பாசம் சில சமயம் வாயைக் கட்டிவிடும். அதைப் பொறுமை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

அக்காவுக்கு வெகுநாளாக ரத்த அழுத்தம். ஒருநாள் தலைவலி என்று வந்து அவள் சமையலறையில் உட்கார்ந்தவனின் கையில் விளையாட்டாகத் தன் கருவியை மாட்டினாள். எண்ணைப் பார்த்ததும் விளையாட்டு போய்விட்டது. “யார்கிட்டயும் சொல்லிடாதக்கா. காகிதத்துல ஏறிச்சுன்னா என்னைக் கீழ இறக்கிடுவாங்க. என் முறை வர்ற நேரம்,” என்றான். பக்கத்து வீட்டுக்குச் சர்க்கரை கொடுப்பதுபோல், தன் மாத்திரையில் பாதியை வெட்டிக் கொடுத்தாள். பிறகு அட்டை அட்டையாகக் கொடுப்பதே வழக்கமாயிற்று. கூடுதல் மாத்திரை வாங்க, மருந்துக் கடையில் தண்ணீர் பட்டுவிட்டது என்பாள், பயணத்தில் தொலைந்துவிட்டது என்பாள். மாலை விளக்கேற்றும்போது, தம்பி ஓட்டும் விமானத்தில் இருப்பவர்களையும் காப்பாற்று என்று வேண்டிக்கொள்வாள். ஏன் என்று கடவுளிடம்கூடச் சொன்னதில்லை.

முந்தாநாள் சாயங்காலம் தோள்பட்டை வலி என்று வந்தான். தாடையும் வலிக்கிறது என்றான். அவள் தைலம் தேய்த்துவிட்டு, “டாக்டர்கிட்ட போலாம்டா,” என்றாள். “அடுத்த வாரம் மெடிக்கல் டெஸ்ட்கா. அது முடியட்டும், சத்தியமா வரேன்.” சரி என்றாள்.

சரி என்ற அந்த ஒரு சொல் நேற்றிலிருந்து அவளை விட்டு நகரவில்லை.

நெட்டையன் டையை முடிந்தான். மின்விசிறி தலைக்கு மேல் சுற்றிக்கொண்டிருந்தும் அவன் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது. சட்டென்று சுவரோரம் திரும்பி, பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். தண்ணீர்கூடக் கேட்கவில்லை.

“என்னப்பா அது?”

“ஒண்ணுமில்லக்கா. தலைவலி.”

“காட்டு.”

அவன் தயங்கித் தயங்கி உள்ளங்கையை விரித்தான். மாத்திரை அட்டை. அதன் முதுகில் பேனாவால் ‘காலை’ என்று எழுதியிருந்தது, அக்காவின் கையெழுத்தில். மறந்துபோகும் என்று தன் அட்டைகளிலெல்லாம் அவள் எழுதிவைப்பது அப்படித்தான்.

“இது உனக்கு எப்படி வந்தது?”

“கேப்டன் குடுத்தார். எனக்கும் பிரஷர் இருக்குன்னு அவருக்கு மட்டும்தான் தெரியும். ‘எங்கக்காவுக்கு ராசியான கைடா, பயப்படாம சாப்பிடு’ன்னார்.”

அக்கா அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

“இப்ப உனக்கு என்ன பண்ணுது? உண்மையைச் சொல்லு.”

“தூக்கமில்ல, அதான். தாடை லேசா...”

“கை?”

அவனுடைய இடது கைவிரல்கள் மட்டும் மூடி மூடித் திறந்தன.

“கிளம்பு. டாக்டர்கிட்ட போலாம்.”

“ஐயோ அக்கா! அடுத்த வாரம் எனக்குக் கேப்டன் தேர்வு. எத்தனை வருஷமாக் காத்திருக்கேன் தெரியுமா? கேப்டன் வச்சிருந்த மாதிரியே பைக்கு, புக் பண்ணிட்டேன். தேர்வு முடியட்டும், சத்தியமா...”

“பைக் வரும். ஓட்டறதுக்கு நீ வேணுமே.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனை அழைத்துப் போனால் மருத்துவர் கேட்பார். மாத்திரை யாருடையது என்று வெளியே வரும். கூடத்தில் உட்கார்ந்திருக்கும் அத்தனை பேரும், தம்பி பெண்டாட்டி உட்பட, கூடப் பிறந்தவளே நோயை ஒளித்து வளர்த்தாள் என்று தெரிந்துகொள்வார்கள். பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. தம்பி சொல்லப் போவதில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ரகசியம் காப்பாற்றுகிறவனின் முகம் மாதிரியே இருந்தது.

குனிந்து, கோணியிருந்த டையை நேராக்கினாள். பிறகு நெட்டையனின் முழங்கையைப் பற்றினாள்.

“நட.”

கூடத்தில் தம்பி மனைவி எழுந்து நின்றாள். அழுது அழுது முகம் உப்பியிருந்தது. “எங்க போறீங்க அண்ணி? வண்டி வந்தாச்சு, இப்ப எடுக்கப் போறாங்க.”

“இவருக்கு நெஞ்சு சரியில்லம்மா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

“எனக்கு ஒண்ணுமில்லங்க, அக்காதான் வீணா...” என்று நெட்டையன் இழுத்தான்.

சித்தப்பா குறுக்கே வந்தார். “நான் கூட்டிட்டுப் போறேன்மா. கூடப் பிறந்தவ நீ. கடைசியா ஒரு தடவை முகம் பார்க்க வேண்டாமா?”

“உங்ககிட்ட ரெண்டு சமாதானம் சொல்லிட்டு நடுவழில இறங்கிடுவான் சித்தப்பா. எங்கிட்ட அது நடக்காது. அந்தச் சமாதானமெல்லாம் நான் ஏற்கெனவே கேட்டாச்சு.”

தம்பி மனைவி அவளையே பார்த்தாள். ஏதோ ஒரு கணக்கு அந்தக் கண்களுக்குள் ஓடி, ஓரிடத்தில் நின்றது. “அவருக்கு... உங்களுக்குத் தெரியுமா அண்ணி?” என்று கேட்டாள்.

“வந்து சொல்றேன்மா.”

தம்பி மனைவி சுவரில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்துவந்து அக்காவின் கையில் வைத்தாள். அந்த விரல்கள் ஜில்லென்று இருந்தன.

காரை எடுக்கப் படகு வழிவிட வேண்டும். துக்கத்துக்கு வந்த ஆண்கள் ஐந்தாறு பேர் தோள்கொடுத்து அதைச் சுவரோரம் தள்ளினார்கள். அடியிலிருந்து மெருகு டப்பா ஒன்று உருண்டு வந்து தெருவில் நின்றது. யாரும் அதைக் குனிந்து எடுக்கவில்லை.

வழியெல்லாம் நெட்டையன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான். பாதித் தூரத்துக்குப் பிறகு பேச்சு நின்றுவிட்டது. அக்கா ஒரு கையால் காரை ஓட்டிக்கொண்டு, மறு கையை அவன் மார்மேல் வைத்துக்கொண்டாள். சிறு பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல.

மருத்துவமனையில் அவனை உடனே தள்ளுபடுக்கையில் ஏற்றினார்கள். “ஷூவைக் கழட்டுங்க,” என்றாள் நர்ஸ். அவனால் எழ முடியவில்லை. அக்கா குனிந்தாள்.

“நீங்க என் காலைத் தொடாதீங்கக்கா.”

“பேசாம படுடா.”

பெண் மருத்துவர் கேட்டார்: “ஏற்கெனவே ஏதாவது மாத்திரை எடுக்கறாரா?”

நெட்டையன் கூரையைப் பார்த்தான். “தலைவலிக்கு எப்பவாவது...”

“ரத்த அழுத்தத்துக்கு,” என்றாள் அக்கா. “என்னோட மாத்திரை. நான் குடுத்தது. இவருக்கும், என் தம்பிக்கும்.”

“டாக்டர் யாரும் எழுதித் தரலையா?”

“இல்ல. நான்தான்.”

“உங்க தம்பி இப்ப எங்க? அவரையும் உடனே வரச்சொல்லுங்க.”

நெட்டையன்தான் மெல்லச் சொன்னான்: “அவர் எங்க கேப்டன், டாக்டர். நேத்து தவறிட்டார்.”

மருத்துவர் ஒரு கணம் அக்காவின் தோளில் கைவைத்தார். “நேரத்துல கொண்டுவந்திருக்கீங்க. உயிருக்கு உறுதி சொல்ல முடியாது, ஆனா நேரத்துல வந்திருக்கீங்க,” என்றார். படுக்கையை உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது, பின்னால் நின்றுவிட்ட இளம் மருத்துவன் ஒருவன் ஆறுதலாக நினைத்துக்கொண்டு சொன்னான்: “மறைச்சே இருக்க வேண்டாம்மா. சொன்னா கொஞ்ச மாசம் உக்காரவச்சு, சரியான மாத்திரை குடுத்து, மறுபடி பறக்க விட்டுடுவாங்க. எங்ககிட்ட வர்றவங்கள்ல ரெண்டு பேர் அப்படித்தான் ஓட்டறாங்க.”

கதவு மூடிக்கொண்டது.

நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். கைபேசி அடித்தது. தம்பி மனைவி.

“எடுத்தாச்சு அண்ணி.”

“ம்.”

“அந்தத் தம்பி எப்படி இருக்கார்?”

“உள்ள கூட்டிட்டுப் போயிருக்காங்க.”

இருவரும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அந்தப் பக்கம் வண்டி நகரும் சத்தமும், யாரோ வழிவிடச் சொல்லும் சத்தமும் கேட்டன. அக்கா கைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள். அவள் மடியில் நெட்டையனின் கறுப்பு ஷூக்கள் இருந்தன. ஒன்றில் கயிறு முடிச்சு விழுந்து இறுகிக் கிடந்தது. அவன் திரும்பி வந்தால் உடனே போட்டுக்கொள்ள முடியாது. அவள் நகத்தால் அதை நெகிழ்த்தத் தொடங்கினாள்.