அந்த ரயில யாரு ஓட்னது?

1

முதலில் ஓர் ஒப்புதல். இந்தக் கதையை நான் கற்பனை செய்யவில்லை, திருடினேன். பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில், இரண்டாவது பெஞ்சிலிருந்து எழுந்த ஒரு பெண்ணின் ஒற்றைக் கேள்விதான் இது. தண்டையார்பேட்டையில் ஒரு பள்ளியில் பதினொரு வருடமாகச் சமூக அறிவியல் எடுக்கிறேன். அவ்வப்போது கதையும் எழுதுவேன். இத்தனை வருடத்தில் அந்தக் கேள்வி எனக்கு ஒருமுறைகூடத் தோன்றியதில்லை. வெட்கமாக இருக்கிறது. ஆனால் வெட்கத்தைவிடப் பரபரப்பு அதிகமாக இருக்கிறது. மூன்று நாளாக நின்றால் உட்கார முடியவில்லை, உட்கார்ந்தால் எழுத முடியவில்லை.

எப்படித் தொடங்குவது?

“வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே கடல் அமைதியாக...” பொய். எங்கள் ஜன்னலில் தெரிவது ஒரு குடோனின் கூரை.

“1942ஆம் ஆண்டு, ஐரோப்பாவில்...” பாடப்புத்தகம் இப்படித்தான் பேசும். பிள்ளைகள் இந்த இடத்தில்தான் தூங்குவார்கள்.

“மாயா துணிச்சலான பெண்.” இல்லவே இல்லை. வருகைப் பதிவுக்கு “உள்ளேன் மிஸ்” சொல்வதோடு அவள் பேச்சு முடிந்துவிடும்.

நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

2

செவ்வாய்க்கிழமை. யூத இன அழிப்பு. புத்தகத்தில் சில வரிகள்தான். அறுபது லட்சம் பேர் என்றேன், எழுதிக்கொண்டார்கள். தேர்வில் கேட்டால் ஒரு மதிப்பெண். “ஊர் ஊராகப் பிடித்து, சரக்கு ரயிலில் அடைத்து, முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போகப் பார்த்தேன். மாயா எழுந்தாள்.

“மிஸ், அந்த ரயில யாரு ஓட்னது?”

“ஹிட்லரோட...” என்று ஆரம்பித்தேன்.

(அந்த வாக்கியத்தை நான் இன்னும் முடிக்கவில்லை. ஹிட்லர் ரயில் ஓட்டவில்லை.)

அந்த இடைவெளியில் வகுப்பு புகுந்துவிட்டது. “டிரைவரு மட்டும் இன்னா, கார்டு இருந்திருப்பான்ல?” என்றான் ராயபுரத்துப் பையன் சாவியோ. “கதவப் பூட்னவன் ஒர்த்தன், சீல் வச்சவன் ஒர்த்தன்!” “கரி அள்ளிப் போட்டவன்!” “எத்தினி பேருன்னு எண்ணி எழுதினவன் மிஸ், அவன வுட்டுட்டோம்!”

துறைமுகத்துப் பிள்ளைகள் அல்லவா! ஒவ்வொரு வீட்டிலும் ஏற்றுகிற ஒருவர், ஓட்டுகிற ஒருவர், எடை போடுகிற ஒருவர் இருக்கிறார். சரக்கு தானாக நகராது என்பதை இவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் சாக்பீஸை எடுத்து அவர்கள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். நடுவில், எங்கோ படித்தது ஞாபகம் வந்து, “அந்த ஜனங்களுக்குப் போறதுக்கு மட்டும்தான் டிக்கெட் கணக்கு. திரும்பி வரதுக்கு இல்ல” என்றேன்.

கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: “அப்ப டிக்கெட்டு போட்டவனுக்குத் தெரியுமே மிஸ்!”

பலகையில் இருபத்து மூன்று வேலைகள் சேர்ந்தன. பதினொரு வருடமாக நான் காட்டிவந்தது ஒரே ஒரு மீசைக்காரனை. மணி அடித்தும் ஒருவரும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

(ஒரு படுகொலையைப் பேசும்போது வகுப்பு இவ்வளவு உற்சாகப்படலாமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் உறுத்தியது. இரண்டு பிள்ளைகள் அழுதுகொண்டே கை தூக்கினார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

(கடலுக்கு அந்தப் பக்கம், நம் மொழி பேசியவர்களுக்கு நடந்ததைப் பற்றியும் ஒருத்தி கேட்டாள். அதற்குத் தனியாக நான்கு வகுப்பு வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறேன். இந்தக் கதைக்குள் அதைத் திணித்தால் இரண்டுக்கும் நியாயம் செய்யமாட்டேன்.)

3

வியாழக்கிழமை காலை ஆசிரியர் அறை வாசலில் ஓர் ஆள். காக்கிச் சட்டை, மூன்று நாள் தாடி. மாயாவின் அப்பா பகலவன். கண்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் ஓட்டுகிறவர். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் வரிசையில் வண்டியை விட்டு, கிளீனரைக் காவல் வைத்துவிட்டு, ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

“இன்னா டீச்சர் பாடம் நடத்துறீங்கோ?”

“உட்காருங்க சார்.”

“உக்கார வர்ல. டி.சி. வாங்க வந்துகீறேன். ‘நைனா, உன் பொட்டில இன்னா கீதுன்னு உனுக்குத் தெரியுமா’ன்னு கேக்குது என் பொண்ணு. தெரியாதும்மா, சீல் வச்சிக் குடுப்பானுங்கோ, எடுத்துகினு போயி வுடுவேன், அவ்ளோதான்னேன். ‘உள்ள ஆளுங்க இருந்தா?’ன்னுச்சு. சோறு துன்னுகினு இருந்தேன் டீச்சர். கைய ஓங்கிட்டேன். பதினஞ்சு வருசத்துல ஒரு நாள் ஓங்கினதில்ல.”

“அடிச்சீங்களா?”

“இல்ல. அது நவுரவே இல்ல. அப்டியே என்னப் பாத்துகினு நின்னுச்சு.” குரல் இறங்கியது. “உப்பு ஏத்துறேன், டயரு ஏத்துறேன். நான் கொலகாரனா டீச்சர்?”

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியை அஜீசுன்னிசா மேடம் வந்துவிட்டார். “பப்ளிக் எக்ஸாமுக்கு நாலு மாசம்தான் இருக்கு. மன்னிப்புக் கேட்டு முடிச்சுடுங்க டீச்சர்” என்றார் மெதுவாக. அவர் சொன்னதில் தப்பில்லை. இந்த நேரத்தில் பள்ளி மாறினால் மாயாவின் வருடம் போய்விடும்.

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். “அந்தப் பாடத்தை நான் அப்படி...” அந்த வாக்கியமும் பாதியில் நின்றது. (இந்தக் கதையில் முடியாத வாக்கியங்கள் எல்லாம் என்னுடையவை என்பதைக் கவனியுங்கள்.)

“சார், மாயா முதல்ல என்னைத்தான் கேட்டா. எனக்குப் பதில் தெரியல. நான் ஒரு நாளும் சரக்கு வண்டி ஓட்டினதில்ல. உங்களுக்குத் தெரியலாம். நாளைக்கு வகுப்புக்கு வரீங்களா?”

அஜீசுன்னிசா மேடம் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன். நான் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

“டி.சி.?” என்றார் பகலவன்.

“வந்துட்டு வாங்கிக்கோங்க.”

ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

4

அன்று இரவே எழுத உட்கார்ந்தேன். இந்த இடத்தில் என் பேனா ஒரு காரியம் செய்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

“ஒரு நாள், வரிசையில் நின்றபோது, பூட்டிய கண்டெய்னருக்குள்ளிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது. டொக். டொக்.”

எப்படி இருக்கிறது? எனக்குப் புல்லரித்தது. ஒரு பக்கம் எழுதிவிட்டேன். பிறகு மாயாவின் முகம் ஞாபகம் வந்தது, முழுவதையும் அடித்தேன். அவள் அப்பாவின் பெட்டியில் யாரும் தட்டவில்லை. யாரும் தட்டாமலே அவளுக்கு அந்தக் கேள்வி வந்தது. அதுதான் பெரிய விஷயம்.

கதையை விட்டுவிட்டுத் தேட ஆரம்பித்தேன். மறுத்த டிரைவர் ஒருவராவது இருந்தாரா? பிரான்சில் ஒருவர் கிடைத்தார். சிறைப்பட்டவர்களை ஏற்றிய ரயிலை ஓட்டமாட்டேன் என்று எஞ்சினைவிட்டு இறங்கியவர். வேறு சிலரும் இருந்திருக்கலாம். எனக்குக் கிடைத்தது ஒருவர்.

5

வெள்ளிக்கிழமை பகலவன் வந்தார்! சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு. நாற்பத்திரண்டு பேர் எழுந்து வணக்கம் சொன்னதும் வாசலிலேயே தயங்கி நின்றார். மாயா தலை குனிந்துகொண்டாள். தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். மாணவர்களைக் கவனிக்கவா, என்னையா, தெரியவில்லை.

“அங்கிள், நெஜமாவே தெரியாதா, உள்ள இன்னா கீதுன்னு?” சாவியோதான். சுற்றி வளைக்கத் தெரியாத பையன்.

பகலவன் மகளைப் பார்த்தார்.

“தெரியாதுன்னு வூட்ல சொன்னேன். அது பொய்யி.”

மாயா நிமிர்ந்தாள்.

“பேப்பர்ல இன்னா எழுதிகீதுன்னு பாக்கமாட்டேன். ஆனா வண்டி சொல்லும். இரும்பு ஏத்தினா பாலம் ஏறசொல்ல ஒரு இழுப்பு இழுக்கும். தண்ணி மாதிரி சரக்குன்னா வளைவுல ஒரு ஆட்டம். முன்னாடி ஆந்திராலேந்து மாடு ஏத்தினு வந்துகினு இருந்தேன். எந்த வண்டியும் இஞ்சின ஆப் பண்ணா அப்டியே நின்னுடும். உயிரு ஏத்தின வண்டி நிக்காது. இஞ்சினு நின்னப்புறமும் ஆடிகினே இருக்கும்.”

என் பக்கம் திரும்பினார். “அந்தக் காலத்துல கரி இஞ்சினு தான டீச்சர்? தண்ணி புடிக்க நிறுத்தணும்ல?”

“ஆமா சார்.”

“நிறுத்தினா கேக்கும். அந்த ரயில ஓட்னவனுக்குத் தெரியும்.”

ரயில் நின்ற இடங்களில் எல்லாம் உள்ளே இருந்தவர்கள் தண்ணீர் கேட்டுக் கத்தினார்கள் என்று உயிர் பிழைத்தவர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள். அதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். இந்த மனிதர் ஒரு பக்கமும் படிக்காமல், ஸ்டியரிங் பிடித்த கையோடு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டார்!

எஞ்சினைவிட்டு இறங்கிய அந்த ஒரு டிரைவரைப் பற்றிச் சொன்னேன்.

“ஒர்த்தர் மட்டுந்தானா மிஸ்?” என்று ஒரே கூச்சல்.

“அவர இன்னா பண்ணாங்கோ?” இது பகலவன்.

“ரயிலை ஓட்டமாட்டேன்னு சொன்னதுக்காக அவரைக் கொல்லல சார்.”

அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டாவது பெஞ்சில் மாயா எழுந்தாள்.

“நைனா, தெரிஞ்சா நீ நிறுத்துவியா?”

6

முடிவு ஒன்று: “நிறுத்துவேம்மா” என்கிறார். வகுப்பு கைதட்டுகிறது. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போது எல்லோருமே நிறுத்துவோம். வேண்டாம்.

முடிவு இரண்டு: “மாட்டேன். நான் இல்லாட்டி இன்னொர்த்தன் ஓட்டுவான்” என்கிறார். உண்மையை எழுதிவிட்ட தைரியசாலி என்று எனக்குப் பெயர் வரும். பெயர் எனக்கு, பழி அவருக்கு. வேண்டாம்.

முடிவு மூன்று: மௌனம். தூரத்தில் ஒரு லாரியின் ஹாரன். பத்திரிகைகள் விரும்பிப் போடும். ஹாரன் அடிக்கவில்லை, போங்கள்.

நடந்தது இது. பகலவன் எழுந்து இரண்டாவது பெஞ்சுக்குப் போனார். மாயா நகர்ந்து இடம் விட்டாள். முழங்கால் இடிக்க உட்கார்ந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் பேசினார். நீளமான பதில். அவள் இரண்டு முறை தலையாட்டினாள். ஒரு முறை “இல்ல நைனா” என்றாள். அவர் நிறுத்தி, யோசித்து, மறுபடி முதலிலிருந்து சொன்னார். மற்ற நாற்பத்தொரு பிள்ளைகளும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். நானும் ஒரு பிள்ளைதான் அப்போது.

போகும்போது டி.சி. கேட்கவில்லை. “இதைக் கதையா எழுதட்டுமா?” என்று வாசலில் கேட்டேன்.

“எழுதிக்கோ டீச்சர். அதுகிட்ட இன்னா சொன்னேன்னு மட்டும் கேக்காத. அது எங்க ரெண்டு பேருக்கு.”

நான் கேட்கவில்லை. அதனால் முடிவு என்னிடம் இல்லை, நீங்கள்தான் சொல்லவேண்டும். ‘நான் நல்லவன்’ என்று தொடங்காதீர்கள், பத்து ‘பி’ ஒத்துக்கொள்ளாது. என்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லித் தொடங்குங்கள். தினமும் உங்கள் கையெழுத்தில், உங்கள் கையால், எது நகர்கிறது என்று சொல்லுங்கள். பிறகு மாயாவின் கேள்விக்கு வாருங்கள்.

அவள் “இல்ல” என்பாள். கோபப்பட வேண்டாம். யோசித்து, மறுபடி சொல்லுங்கள்.