நடுவில் விட்ட இடம்

"லீவுக்கு எல்லாரும் வந்திருக்காங்க, குடும்பப் படம் எடுக்கணும், வந்துட்டுப் போ" என்று கணவன் போன் செய்தபோது அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சண்டை போட்டுக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய் மாதக்கணக்காகிவிட்டது. அவன் வாய்விட்டு மன்னிப்புக் கேட்கிற ரகமில்லை. படத்தைச் சாக்காக வைத்துக் கூப்பிடுகிறான் என்று தானே முடிவு கட்டிக்கொண்டாள். வேலை பார்க்கும் ஸ்டுடியோவில் லீவு சொல்லிவிட்டு, கேமராவோடு தன் துணிமணியையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு வந்து இறங்கினாள். பெட்டியைப் பார்த்த மாமியார், "எதுக்கும்மா இவ்வளவு சுமை?" என்றாள். அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆசை கண்ணை மறைத்தது.

அந்த வீட்டுப் பழைய படங்கள் எல்லாமே கண்றாவி. மாமனார் கோர்ட்டுக் கூண்டில் நிற்பவர் மாதிரி முறைத்திருப்பார். பின்னால் காயப்போட்ட துண்டு பல்லிளிக்கும். இந்த முறை அவள் விடவில்லை. விளக்கை அணைத்து, ஜன்னல் திரையை விலக்கி வெளிச்சத்தை உள்ளே விட்டாள். சோபாவைச் சுவரிலிருந்து முன்னே இழுத்து, மாமனாரையும் மாமியாரையும் உட்கார வைத்தாள். பின்னால் ஒரு பக்கம் கணவன், மறுபக்கம் கொழுந்தனும் அவன் மனைவியும். நடுவில் ஓர் ஆள் நிற்க இடம் விட்டாள். யாருக்கு என்று சொல்லவும் வேண்டுமா?

டைமரைத் தட்டிவிட்டு ஓடினாள். இடத்தைக் காணோம். கணவன் நகர்ந்து வந்து அதை அடைத்துக்கொண்டு நின்றான். அவள் ஓரத்தில் போய் நின்று, வராத சிரிப்பை வரவழைத்தாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நானும் வரணும்ல?"

மறுபடி டைமர், மறுபடி ஓட்டம். மறுபடியும் இடம் அடைபட்டிருந்தது.

"நீ ஓரத்துலயே நில்லேன். அதான் நல்லாயிருக்கு" என்றான், முகத்தைப் பார்க்காமலே.

கல்யாணமான புதிதில் ஸ்டுடியோக் கதைகளை அவனிடம் அளந்தவள் அவள்தான். உறவு முறிந்தவர்கள் படத்திலிருந்து ஆளை எடுத்துத் தரச் சொல்லி வருவார்கள். நடுவில் தோளோடு தோள் நிற்கிற ஆள் என்றால் போதும் போதும் என்றாகிவிடும். ஓரத்து ஆளுக்கு ஒரே வெட்டு. "விவரமானவங்க சந்தேகக் கேஸை ஓரத்துலதான் நிறுத்துவாங்க" என்று அவள் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். பாவி, நன்றாகத்தான் காதில் வாங்கியிருக்கிறான்.

படத்தைக் காட்டுகிற சாக்கில் அவனை ஜன்னலோரம் கூப்பிட்டாள்.

"என்னை எதுக்குங்க வரச் சொன்னீங்க?"

"படம் எடுக்கத்தான்."

"அதுக்கு மட்டுமா?"

"வெளியாள் வந்தா அப்பா முகத்தை இறுக்கிக்குவாரு. நீ சொன்னாத்தான் சிரிப்பாரு." கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தான். "அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது, நீ அம்மா வீட்டுல சும்மா தங்கியிருக்கறதா நினைச்சிட்டிருக்காரு. லீவு முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்."

கத்தலாம், காலில் விழலாம். எதற்கும் அவளிடம் தெம்பு இல்லை. எல்லாம் என்றைக்கோ முடிந்துபோயிருக்கிறது; கடைசியாகத் தெரிந்துகொண்டவள் அவள். டைமரை நிறுத்திவிட்டுக் கேமராவைக் கையில் எடுத்தாள்.

"நீயும் வந்து நில்லும்மா" என்றார் மாமனார். மாமியாருக்குத் திடீரென்று தன் புடவை மடிப்பைச் சரிசெய்கிற வேலை வந்துவிட்டது.

"யாராவது எடுக்கணுமே மாமா. எங்க, என்னைப் பார்த்துச் சிரிங்க."

அவர் வாய் கொள்ளாமல் சிரித்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் சிரித்தார்கள். அவள் அழுத்தினாள்.

மாமியார் கேமராவை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள்.

"இதுதான் சரியா வந்திருக்கு. எல்லாரும் இருக்கோம்" என்றாள்.

"ஆமா அத்தை" என்றாள் அவள்.