இருவருக்கும் ஒரே மாத்திரை

அந்த வீட்டில் யாருக்குத் தலைவலி வந்தாலும் மாட்டு டாக்டரான தம்பிக்குத்தான் போன் போகும். ஓசி வைத்தியம் யாருக்குத்தான் கசக்கும்? எட்டு மாதத்துக்கு முன் அண்ணன், "எனக்கும் வயித்தெரிச்சல், நம்ம நாய்க்கும் வாந்தி. ரெண்டு பேருக்கும் சேர்த்து ஏதாச்சும் சொல்லுடா" என்றார். தம்பியும் சிரித்துக்கொண்டே ஒரே மாத்திரையைச் சொன்னான். நாய்க்குப் பாதி, அண்ணனுக்கு முழுசு. மாத்திரை இருவருக்கும் நன்றாகவே கேட்டது. எரிச்சலும் வாந்தியும் அடங்கியதால் மேற்கொண்டு யாரும் எதையும் பார்க்கவில்லை.

இன்று நாய் எலும்பும் தோலுமாக அவன் மேசையில் கிடந்தது. தம்பி வயிற்றை அமுக்கினான்; கல் மாதிரி ஒரு கட்டி தட்டுப்பட்டது. ஸ்கேன் எடுத்தான். பத்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"வயித்துல கேன்சர்ணே. நாய்க்கு இது வர்றது அபூர்வம்."

அண்ணன் நாயைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார். அப்போதுதான் தம்பி அவரைச் சரியாகப் பார்த்தான். சட்டை தொளதொளவென்று தொங்கியது. பெல்ட்டில் புதிதாக இரண்டு ஓட்டை. வாயில்லா ஜீவன்களைத் தொட்டுப் பார்த்தே பிழைப்பவன், வாய் ஓயாத அண்ணனை ஒருநாளும் தொட்டுப் பார்த்ததில்லை. "ஜம்முனு இருக்கேன்டா" என்றால் அப்படியே நம்பிவிடுவான். மடையன்.

"அண்ணே, சட்டையத் தூக்குங்க."

"ஏன்டா, எனக்கும் வெறிநாய் ஊசியா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டே அண்ணன் சிரித்தார். பக்கத்தில் நின்ற அண்ணியும் சிரித்தாள்.

நாயிடம் தட்டுப்பட்ட அதே கல் அவரிடமும் விரலில் தட்டுப்பட்டது. ஈரலின் ஓரமும் மேடும் பள்ளமுமாக இருந்தது; அங்கேயும் பரவிவிட்டது. தம்பி அதே இடத்தை மறுபடியும் அமுக்கிப் பார்த்தான்.

"என்னடா முழிக்கிறே? அபூர்வம்னியே!"

"நாய்க்குத்தாண்ணே அபூர்வம். மனுஷங்களுக்கு நிறைய வரும்."

அண்ணன் தூக்கிய சட்டையை இறக்கவேயில்லை. அண்ணி சுற்றி வளைக்கிற ஆள் இல்லை.

"எட்டு மாசத்துக்கு முன்னாடியே பாத்திருந்தா நாய் பொழைச்சிருக்குமா தம்பி?"

"கஷ்டம் அண்ணி. கூட ரெண்டு மூணு மாசம் ஓட்டியிருக்கும், அவ்வளவுதான்."

"இவரு?"

பொய் சொல்லத்தான் நினைத்தான். வாய் வரவில்லை.

"அப்பவே ஆபரேஷன் பண்ணியிருந்தா... பொழைச்சிருக்கலாம் அண்ணி."

அண்ணி கத்தவில்லை, அழவுமில்லை. கணவரின் சட்டையை இறக்கிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாயை நீங்க பாத்துக்குங்க தம்பி. ஏங்க, வாங்க, நாம மனுஷங்களுக்குப் பாக்குற டாக்டர்கிட்ட போலாம்."