எங்கள் கூடையில் விழுந்த பந்து

ஆயத் எங்கள் கூடையிலேயே பந்தைப் போட்டபோது மைதானமே சிரித்தது. எதிர் அணிக்கு இரண்டு புள்ளி. என் பெஞ்சில் இருந்த பெண்கள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் மட்டும் எழுந்து நின்றுவிட்டேன்.

ஹாஃப் டைமுக்குப் பிறகு பக்கம் மாறும். புதுசாக ஆட வரும் பிள்ளைகள் குழம்பித் தப்பான கூடைக்கு ஓடுவதுண்டு. ஆயத் அப்படிக் குழம்புகிறவள் இல்லை. ஆனால் பக்கம் மாறிய கொஞ்ச நேரத்தில் பந்துக்குத் தாவி மல்லாக்க விழுந்திருந்தாள். பின்மண்டை சிமெண்டுத் தரையில் மோதிய சத்தம் எனக்குக் கேட்டது. உடனே எழுந்து, "ஒண்ணும் இல்ல மிஸ்" என்று கையை ஆட்டிவிட்டு ஓடிவிட்டாள்.

டைம் அவுட் கேட்டேன்.

பக்கத்து நாற்காலியில் எங்கள் கல்லூரிச் செயலாளர் ராகவேந்திரன் சார். மயிலாப்பூர்க்காரர். பந்தைத் தொட்டதே இல்லை. ஃபைனல் என்றால் மட்டும் கோச் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். "கப்பு வரட்டும் ஜாஸ்மின், நாளைக்கே பர்மனென்ட் ஆர்டர்" என்று காலையில் சொல்லியிருந்தார்.

அந்த ஆர்டருக்காக நாயாய் அலைந்தவள் நான். அம்மா நொச்சிக்குப்பத்தில் ரோட்டோரம் மீன் விற்றாள். என் உயரத்தைப் பார்த்து ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜில் சேர்த்துக்கொண்டார்கள். மாநில அணிக்குப் போகிற நேரத்தில் முட்டி போனது. பிறகு சம்மர் கேம்ப், பள்ளிக்கூடங்களில் பகுதி நேரம், ஞாயிற்றுக்கிழமைகளில் ரெஃப்ரி வேலை, கடைசியில் இங்கே தற்காலிகக் கோச். ஏப்ரல் வந்தால் வைத்துக்கொள்வார்களா, அனுப்பிவிடுவார்களா என்று ஒவ்வொரு வருஷமும் பயம். அந்தப் பயம் பழகிவிட்டது. இது வேறு பயம்.

ஆயத் வந்து நின்றாள். ஹாஃப் டைமில் ஆளுக்கு ஒரு கை க்ளூகோஸ் வாங்கி நக்குவது எங்கள் அணியின் வழக்கம். கேப்டன் அஸ்வினிதான் எல்லோர் கையிலும் கொட்டுவாள். ஆயத்தின் ஜெர்சிக் கழுத்தில் அது வெள்ளையாக ஒட்டியிருந்தது.

"ஹாஃப் டைம் வுட்டாங்களா மிஸ்? க்ளூகோஸ் எங்க?" என்றாள்.

மறுபடியும் சிரிப்பு. அஸ்வினி மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"நீ உக்காரு ஆயத். ஆட வேணாம்."

"என்ன பண்றேள்?" ராகவேந்திரன் சார் பதறினார். "அவளை எடுத்துட்டா கப்பு போயிடுமே! இன்னும் கொஞ்ச நேரந்தானே, நன்னாத்தானே நிக்கறா?"

"தலையில அடி சார். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போணும், இப்பவே." பயம் வந்தால் என் பேச்சு குப்பத்துக்குப் போய்விடும்.

"வேற யாரையாவது அனுப்புங்கோ. ஃபைனல் நடந்துண்டு இருக்கறச்சே நீங்க எழுந்து போனா, ஆர்டரை மறந்துடுங்கோ."

உட்கார்ந்துவிட்டேன். பொய் சொல்வானேன், உட்காரத்தான் செய்தேன். அப்போது ஆயத் குனிந்து, ஒழுங்காகக் கட்டியிருந்த ஷூ லேஸை அவிழ்த்தாள். இரண்டு நுனியையும் கையில் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"அஸ்வினி, டீம பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு ஆயத்தை இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அடையாறு பாலத்தில் ஆட்டோ நகரவில்லை. "தூக்கம் வருது மிஸ்" என்று என் தோளில் சாய்ந்தாள். "தூங்காதடி, பேசு, எதுனா பேசு" என்று கன்னத்தைத் தட்டினேன். அவள் என் மடியில் வாந்தி எடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவளுடைய அப்பா கரீமுல்லா பாய்க்கு ராயப்பேட்டையில் தையல் கடை. பெண்ணை ஆட விடத் தயங்கியவரிடம் "என் பொறுப்பு பாய்" என்று நான்தான் சொன்னேன். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன்! மாதாவே, மாதாவே என்று வாய்விட்டுக் கத்த ஆரம்பித்தேன். டிரைவர் பயந்துபோய் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மண்டைக்குள்ள லேசா ரத்தம் கசிஞ்சிருக்கு. அடுத்த ஸ்கேன்ல பெருசாகாம இருக்கணும்" என்றார் டாக்டர். கரீமுல்லா பாய் கழுத்தில் அளவு டேப்போடு ஓடி வந்தார். வாந்தி படிந்த என் உடையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். திட்டியிருந்தால் தேவலை.

போனில் அஸ்வினி கத்தினாள். "ஜெயிச்சுட்டோம் மிஸ்! ஆயத் எப்டி இருக்கா?" நான் பதில் சொல்வதற்குள் ராகவேந்திரன் சார் போனை வாங்கிக்கொண்டார்.

"பாத்தேளா, கோச் இல்லாமலே ஜெயிச்சுட்டா. அப்புறம் பர்மனென்ட் கோச் எதுக்குன்னு கமிட்டி கேக்கும், இல்லையோ?"

"சரி சார்" என்றேன். ஸ்கேன் அறைக் கதவு திறப்பதுபோல இருந்தது, போனை அணைத்தேன். திறந்தது வேறு கதவு.

சாயங்காலம் நர்ஸ் வந்து, கசிவு பெரிதாகவில்லை, கண் விழித்துவிட்டாள் என்றாள். கரீமுல்லா பாய் கட்டிலருகே போய் நின்று, என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க கேளுங்க மேடம். என்னைத் தெரியலைன்னு சொல்லிடுவாளோன்னு பயமா கீது."

கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஆயத், ஹாஃப் டைம்ல இன்னா துன்ன?"

அவள் நெற்றியைச் சுருக்கினாள். வெகுநேரம் யோசித்தாள்.

"க்ளூகோஸ் மிஸ்" என்றாள். "அஸ்வினி என் கைல மட்டும் கம்மியா கொட்டினா."

அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.