ஆப்ரிகாட் ஜாடியில் என் கணவர்

என் கணவர் குழந்தைவேல் போன கோடையில் உலர்ந்துபோனார். மொட்டை மாடியில் நாற்காலி போட்டு எனக்காகக் காத்திருந்தபோது அது நேர்ந்தது. "அஞ்சே நிமிஷம், வந்தர்றனுங்க" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கியிருந்தேன். மறுபடி மேலே ஏறியபோது மாம்பழக் காலம் முடிந்திருந்தது. நாற்காலியில் ஓர் உலர்ந்த ஆப்ரிகாட் பழத்தின் அளவில் அவர் இருந்தார். சட்டை போட்டிருந்ததால் அடையாளம் தெரிந்தது.

எங்கள் அடுக்ககத்தில் இது அரிதன்று. வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்தால் மனிதர் பழைய அளவுக்குத் திரும்பிவிடுவார். அதுவரை எறும்பு அண்டாமல் இருக்கட்டும் என்று, உலர்ந்த ஆப்ரிகாட் வைத்திருந்த ஜாடியில் அவரையும் போட்டு மூடினேன். வீட்டில் அதன் மூடிதான் இறுக்கமானது.

"ஏம்புள்ள, தண்ணி வெச்சியா?" என்று ஜாடிக்குள்ளிருந்து அவ்வப்போது கேட்பார்.

"வர்ற ஞாயித்துக்கெழமைங்க."

"அன்னைக்கு உன்ற சித்தி ஊட்டுக் கல்யாணமல்ல?"

"அப்ப அதுக்கடுத்த ஞாயித்துக்கெழமைங்க."

அவர் கோபப்படவில்லை. உலர்ந்தவர்களுக்குக் கோபம் எளிதில் வருவதில்லை. அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்று நான்கு மணிக்குக் குடியிருப்போர் சங்கக் கூட்டம். வீட்டுக்கு ஒரு தட்டு க்ரம்பிள், அதாவது பழப் பூரணத்தின்மேல் உதிரி மாவு தூவிச் சுடும் பலகாரம், செய்துவைக்க வேண்டும். சென்ற ஆண்டு தராத வீட்டை லிஃப்ட்டாக மாற்றிவிட்டார்கள். அந்தக் குடும்பம் இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது.

மைதா, ஓட்ஸ், நாட்டுச் சர்க்கரை மூன்றையும் கலந்து, குளிர்ந்த வெண்ணெயை விரல்நுனியால் பிசிறினேன். மாவு உதிரியாக வந்தது. பாதியைத் தட்டில் அழுத்தினேன். மீதி மேலே தூவுவதற்கு. இடையில் வைக்கும் பூரணத்துக்காக ஜாடியை அப்படியே வெந்நீரில் கவிழ்த்து, சிறு தீயில் ஏற்றினேன். இரண்டு வேலையும் ஒன்றாக முடியும் என்று எண்ணினேன். பழம் குழைவதற்கு முன் அவர் ஊறிவிடுவார். ஊறியதும் கைகொடுத்துத் தூக்கிவிடலாம்.

"இப்பத்தான் காலு நீட்ட முடியுது" என்றார் அவர்.

அழைப்பு மணி அடித்தது.

"அஞ்சே நிமிஷம், வந்தர்றனுங்க."

தீயை அணைக்காமல் வாசலுக்கு நடந்தேன்.

சமையலறைக்கும் வாசலுக்கும் இடையிலான நடை வழக்கத்தைவிட நீண்டிருந்தது. வழியில் ஒரு பேருந்து நிறுத்தம் இருந்தது. கதவைத் திறந்தால் எதிர்வீட்டு மரகதம் அக்கா.

"கண்ணு, துளி வெண்ணெய் இருக்குமா?"

"இருக்குதுங்கக்கா. உள்ள அவர ஊறப் போட்டிருக்கறேன்."

"இப்பவாச்சும் போட்டியே சாமி. எங்கூட்டுக்காரர நான் மழையில மறந்துட்டேன். ரெண்டு மடங்கா ஊறிட்டாரு. வாசப்படியில நொழைய மாட்டேங்கறாரு."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குச் செலவான நேரத்தைப் பின்னர் பலரிடம் திருப்பிக் கேட்டுப் பார்த்தேன். யாரிடமும் இல்லை.

திரும்பும் பேருந்து தாமதமாக வந்தது. பாத்திரத்தில் பழம் முழுவதும் குழைந்து பூரணமாகியிருந்தது. மேலே ஒரு சட்டைப் பொத்தான் மிதந்தது.

"எங்கெ இருக்கறீங்க?"

"எல்லாப் பக்கமுந்தான்" என்றது பூரணம். "சக்கர பத்தாது, புள்ள."

சர்க்கரை சேர்த்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

"என்னயத் தட்டுல பரப்பி வேக வெய்யி. நல்லா ஆறுனா கெட்டியாகி ஒண்ணாயிருவேன். சூட்டோட வெட்டிப்புடாத. உதுந்து போயிருவேன்."

"எத்தன நேரமாகுங்க?"

"கூடவே இருந்து பாரு. தெரியும்."

ஓவனிலிருந்து தட்டை எடுத்தபோது மேல்மாவு பொன்னிறமாக இருந்தது. சங்கச் செயலாளர் கனகசபை கத்தியுடன் உள்ளே வந்தார். அவருக்குப் பின்னால் எல்லா வீட்டாரும் கிண்ணங்களோடு நின்றார்கள்.

"மணி நாலுங்கம்மா. வெட்டிரலாமுங்களா?"

"ஆறட்டுமுங்க."

"ஒரு அஞ்சு நிமிஷம் ஆகுமுங்களா?"

அந்த அளவை நான் இப்போது பயன்படுத்துவதில்லை. "தெரியலைங்க" என்றேன்.

"அப்பறம் இந்த ஊட்ட லிஃப்ட்டாக்கிப் போடோணுமுங்களே."

"ஆக்கிக்கோங்க."

அவர் வருத்தத்தோடு கத்தியைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். எல்லோரும் வெளியேறினார்கள். கதவு பக்கவாட்டில் நகர்ந்து மூடியது. வீடு மெல்ல மேலெழுந்தது.

ஒவ்வொரு தளத்திலும் கதவு திறக்கிறது. "ஆறிருச்சா கண்ணு?" என்று மரகதம் அக்கா எட்டிப் பார்க்கிறார். "இன்னுமில்லைங்கக்கா" என்கிறேன். கதவு மூடுகிறது.

"இருக்கறயா புள்ள?" என்கிறது தட்டு.

"இருக்கறனுங்க."

விளிம்பில் கை வைத்துப் பார்க்கிறேன். சுடுகிறது. என் விரல்நுனிகள் உலர்ந்து சுருங்கத் தொடங்கியிருக்கின்றன. நாற்காலியை இன்னும் சற்று அருகே இழுத்துப் போட்டுக்கொள்கிறேன்.