செட்டியார் பொம்மையின் பணப்பெட்டி

கச்சேரி ரோடு ஸ்ரீரங்கனுக்குச் சந்தேகம் என்பது சுவாசம் மாதிரி. கிழக்கே உதிக்கும் சூரியன் நேற்று வந்த அதே சூரியன்தானா என்று ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டுத்தான் காப்பியைத் தொடுவார். மகள் சீதாவுக்கு வந்த வரன்களெல்லாம் இப்படித்தான் ஓடின. ஒரு பிள்ளையின் தலைமுடி சொந்த முடிதானா என்று இழுத்தே பார்த்தார்.

"இந்த வரனும் கலைஞ்சுதோ, நான் இவளைக் கூட்டிண்டு பொறந்தாத்துக்குப் போயிடுவேன். சந்தேகத்தையே பொங்கித் தின்னுண்டு கெடங்கோ" என்று சொல்லிவிட்டாள் மனைவி பங்கஜம்.

அவள் பயத்துக்குக் காரணம் இருந்தது. அடையாறு ரகுபதியின் பிள்ளையைக் கபாலி கோயிலில் பார்த்ததிலிருந்து சீதாவுக்குப் பிடித்துப்போயிருந்தது.

அறுபத்தெட்டாம் வருஷ நவராத்திரி. கொலு பார்க்கிற சாக்கில் பெண் பார்த்துவிடலாம் என்று ரகுபதி மனைவியோடு வந்தார். சீதா பாட ஆரம்பித்தாள். மாமி தலையாட்டினாள். மாமாவோ கீழ்ப்படியில் கடை விரித்திருந்த செட்டியார் பொம்மையின் முன்னால் தவளை மாதிரி குந்திவிட்டார்.

பொம்மையின் பணப்பெட்டியில் வாழைமரம் போட்ட நோட்டுகள். யுத்தத்தில் மலாயாவைப் பிடித்த ஜப்பான்காரன் அச்சடித்து இறைத்தவை. ஈப்போவில் ஸ்ரீரங்கன் வாங்கிய சம்பளமெல்லாம் அதுதான். வெள்ளைக்காரன் திரும்பி வந்த மறுநாளே அது பஜ்ஜி மடிக்கக்கூட ஆகாத காகிதமாயிற்று. என்றாவது ஜப்பான்காரன் மாற்றிக் கொடுப்பான் என்று ஒரு டிரங்குப் பெட்டி நிறைய கப்பலேற்றிக் கொண்டுவந்து பூட்டி வைத்திருந்தார். சீதா கொலுவுக்காக அதில் கொஞ்சம் உருவியது அவருக்கே தெரியாது.

"ஓய், இந்த மாதிரி இன்னும் இருக்கா?" என்றார் ரகுபதி, தாழ்ந்த குரலில்.

ஸ்ரீரங்கனுக்குச் சுருக்கென்றது. பெண்ணைப் பார்க்க வந்தவன் செல்லாத காசை ஏன் விசாரிக்கிறான்? சட்டென்று நோட்டுகளை வாரி இடுப்பில் சொருகிக்கொண்டார்.

"எதுக்குக் கேக்கறேள்?"

"எதுக்கு ஒளிச்சேள்?"

"குழந்தைகள் கிழிச்சுடும்."

"இங்க குழந்தையே இல்லையே. நானும் பினாங்குல இருந்தவன்தான். எங்காத்துப் பரண்ல ரெண்டு மூட்டை கெடக்கு. வெலையில்லாததை எவனாவது கொலுவுல வைப்பானா? டோக்கியோலேர்ந்து உமக்கு ஏதோ தகவல் வந்திருக்கு."

"உமக்குத்தான் வந்திருக்கு. இல்லேன்னா ஏன் மோப்பம் பிடிக்கறீர்?"

பாட்டு நின்றுபோயிற்று. பங்கஜத்தின் கையில் சுண்டல் கிண்ணம் அந்தரத்தில் நின்றது. ரகுபதி எழுந்து செருப்பைத் தேடினார். சீதாவின் கண் நிரம்பிவிட்டது.

ஸ்ரீரங்கனின் மூளை ரயில் இன்ஜின் மாதிரி புகைந்தது. இவனை இப்படியே விட்டால் நாளைக்கே ஜப்பானுக்கு எழுதிப்போட்டுத் தனியாக மாற்றிக்கொண்டுவிடுவான். கண்பார்வையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். அன்னியனைத் தினம் போய் எட்டிப்பார்க்க முடியாது. சம்பந்தி வீட்டுக்குப் போனால் யார் கேட்பார்கள்?

"உக்காருங்கோ. கல்யாணத்தைப் பத்திப் பேசவே இல்லையே" என்றார்.

ரகுபதி செருப்பிலிருந்து காலை எடுத்தார். அவர் மண்டையிலும் அதே புகை. "நானும் அதையேதான் நெனச்சேன். வரதட்சிணை ஒண்ணும் வேண்டாம். சம்பந்தியைப் பாக்க நான் அடிக்கடி வந்துண்டிருப்பேன். உம்ம தபாலெல்லாம் என் கண்ணுல படணும்."

"உம்மதும் என் கண்ணுல படணும்."

"தையில முகூர்த்தம் வெச்சுக்கலாமா?"

"அவ்வளவு நாள் எதுக்கு? ஐப்பசி முதல் முகூர்த்தத்துலயே முடிச்சுடலாம்."

பங்கஜம் ஜப்பான் இருக்கும் திசைக்கு மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டாள். இரண்டு பேரும் புத்தி தெளிவதற்குள் தாம்பூலத் தட்டுகளைக் கொண்டுவந்து வைத்து, "மாத்திக்கோங்கோ" என்று அவசரப்படுத்தினாள். சீதா முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

தட்டுகள் கைமாறின. உடனே சம்பந்திகள் இருவரும் வெற்றிலையைத் தூக்கி, அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள்.