நீலத் தட்டு வளையம்

மொஞ்சியாவுக்கு அந்த மாத்திரையின் மேல் துளியும் நம்பிக்கை இல்லை. எப்படி இருக்கும்? மகள் நெஸ்ரீன் பிறந்த இரண்டாம் மாதத்திலிருந்து ஆறு வருஷமாகத் தன் கையால் இன்சுலின் ஊசி போட்டு வளர்த்தவள். இப்போது துனிஸ் டாக்டரம்மா ஊசியை நிறுத்திவிட்டு, கிழவர்கள் விழுங்குகிற சர்க்கரை மாத்திரையே போதும் என்றால்?

டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கினார். நெஸ்ரீனின் கணையத்தில் இன்சுலின் நிறையவே இருக்கிறதாம். ரத்தத்தில் சர்க்கரை ஏறியதும் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லின் சுவரில் ஒரு குட்டிக் கதவு மூடிக்கொள்ள வேண்டும். அப்போதுதான் இன்சுலின் வெளியே வரும். ஒரே ஒரு மரபணுவில் பிசகு, கதவு மூடுவேனா என்கிறது. மாத்திரை அதை மூட வைக்கும். மொஞ்சியா தலையாட்டிவிட்டு வந்து மாத்திரையைக் கொடுக்கத் தொடங்கினாள். ஆனாலும் கைப்பையில் ஊசி இருந்தது. சர்க்கரை அளவு ஒரு தடவை எகிறினாலும் பழையபடி ஊசிதான் என்று முடிவு கட்டியிருந்தாள்.

பெருநாள் வந்தது. அவர்கள் ஊரான ஸக்வானில் பெருநாளென்றால் வீட்டுக்கு வீடு பாதாம் வளையப் பலகாரம், வேண்டாமென்றால் கோபித்துக்கொள்வார்கள். மகளுக்கு இல்லாததை மொஞ்சியாவும் இத்தனை வருஷம் தொட்டதில்லை. பக்கத்து வீட்டு வஸீலா தங்கமான மனுஷி. நெஸ்ரீனுக்கென்று சர்க்கரை போடாமல் தனியாகச் சுட்டு நீலத் தட்டில் வைப்பாள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

நெஸ்ரீன் வஸீலா வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு வந்தாள். ஒரு மணி நேரம் கழித்து மொஞ்சியா அவள் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தாள்: நூற்று முப்பது. சர்க்கரையே இல்லாததைத் தின்றால் ஏன் ஏறப்போகிறது என்று கருவியை மூடி வைத்தாள்.

சற்று நேரத்தில் வஸீலா முகம் வெளுத்து ஓடி வந்தாள்.

“என்னைத் திட்டாதடி மொஞ்சியா. எங்க வீட்டு மகராசன் நீலத் தட்டை விருந்தாளிங்க முன்னால வச்சுட்டு, அவங்க தட்டை உன் பொண்ணுகிட்ட குடுத்துட்டாரு. இனிப்பே இல்லாததை அவங்க முழுங்க முடியாம முழிச்சப்பதான் எனக்கே உறைச்சுது. உன் பொண்ணு தின்ன நாலும் சர்க்கரை போட்டதுடி.”

மொஞ்சியா கைப்பையைத் திறந்தாள். ஊசியை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மறுபடி குத்தினாள். நூற்று இருபத்தாறு. கருவிதான் கெட்டுவிட்டதோ என்று வஸீலாவின் விரலையும் விடவில்லை. அவளுக்கு நூற்று நாற்பது.

“உன்னைவிட என் பொண்ணுக்குக் கம்மிக்கா,” என்றாள் மொஞ்சியா. சொல்லும்போதே அழுகை முட்டியது. “அவ உடம்பே பாத்துக்கிச்சுக்கா.”

நெஸ்ரீன் சட்டைப் பையிலிருந்து ஐந்தாவது வளையத்தை எடுத்து நீட்டினாள். “இது உனக்கும்மா.”

மொஞ்சியா அதை உடைத்துப் பாதியை வாயில் போட்டுக்கொண்டாள். மறுபாதியைத் தன் கையாலேயே மகளுக்கு ஊட்டினாள்.